ஊரே வீடு மாறும் நாள்

அரசிதழில் இடம்பெறாமல், விழாக் குழுவோ புரவலரோ இல்லாமல், ஆண்டுதோறும் தவறாமல் வந்துபோகும் நாட்கள் பல ஊர்களுக்கும் உண்டு என்றாலும், கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குறிப்பாக அதன் பெருநகரமான மொன்றியலில், ஜூலை 1 அன்று நடப்பதற்கு ஈடான ஒன்றை இன்றைய உலகில் காட்டுவது கடினம். நாட்டின் பிற பகுதிகள் அந்நாளைக் கனடாவின் பிறந்தநாளாகக் கொண்டாடிக்கொண்டிருக்க, மொன்றியல்வாசிகளில் பலர் கட்டிலையும் மேசையையும் கழற்றிப் படியிறக்கிக்கொண்டிருப்பார்கள். வாடகை ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை ஜூன் 30 அன்று முடிந்து மறுநாள் புதியவை தொடங்குவதால், ஒரே நாளில் பல்லாயிரம் குடும்பங்கள் வீடு மாறுகின்றன. அந்தத் தேதியில்தான் மாற வேண்டும் என்று இன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சட்டம் ஒரு தேதியைச் சொல்லத்தான் செய்தது. ஆனால் அது வேறொரு தேதி. சட்டம் பெற்றெடுத்து, இடம்மாற்றி, பிறகு கைவிட்ட ஒரு நாளை மக்கள் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குள், அதிகாரப்பூர்வமற்ற நாட்கள் எப்படிப் பிறக்கின்றன, எவை நிலைக்கின்றன என்பதற்கான விடையில் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது.

பொதுவாக இத்தகைய நாட்கள் யாரோ ஒருவரின் அறிவிப்பிலிருந்து பிறக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் செய்தித்தாள் நூலகராக இருந்த வில்லியம் சேஸ் என்பவரும் அவருடைய சகோதரர் ஹாரிசன் சேஸும், எந்த நாளில் என்ன அனுசரிக்கப்படுகிறது என்பதைத் திரட்டி 1957இல் ஒரு நாள்தொகுப்பை வெளியிட்டனர். ஆண்டுதோறும் வெளிவந்த அத்தொகுப்பில் இடம்பெறுவதே ஒரு தினத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரம்போல் ஆகிவிட, வணிக நிறுவனங்களும் சங்கங்களும் வேடிக்கை மனிதர்களும் தத்தம் தினங்களை அதில் சேர்க்க முனைந்தனர். செப்டம்பர் 19 அன்று வரும் 'கடற்கொள்ளையர்போல் பேசும் நாள்' 1995இல் ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரு நண்பர்கள் பந்து விளையாடும்போது கிண்டலாகத் தொடங்கியது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அது சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள் என்பதுதான். நகைச்சுவைப் பத்தியாளர் டேவ் பாரி 2002இல் அதைப் பற்றி எழுதியிராவிட்டால் அது அந்த இருவரோடு முடிந்திருக்கும். கனடாவிலேயே, வான்கூவரைச் சேர்ந்த ஓவியர் டெட் டேவ் 1992இல் நுகர்வு வெறிக்கு எதிராகத் தொடங்கிய 'எதையும் வாங்காத நாள்', 'அட்பஸ்டர்ஸ்' இதழின் பரப்புரையால் உலகெங்கும் அறியப்பட்டது. இவற்றின் நோக்கங்கள் வேறுபட்டாலும் பலவீனம் ஒன்றே: யாராவது ஆண்டுதோறும் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் நாள் மறைந்துவிடும். மொன்றியலின் ஜூலை 1ஐ நினைவூட்ட ஆள் வேண்டியதில்லை. அன்று பழைய வீட்டின் சாவியைக் கொடுக்காதவர் வாசலில் புதிய குடித்தனக்காரர் சாமான்களோடு வந்து நிற்பார்.

அந்நாளின் கோலத்தைப் புரிந்துகொள்ள மொன்றியல் வீடுகளின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். பிளாட்டோ மோன்-ரோயால், வெர்டன், வில்லரே போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் இரண்டு அல்லது மூன்று அடுக்காக ஒட்டி ஒட்டி நிற்கின்றன. மேல்தளங்களுக்குச் செல்லும் மாடிப்படி வீட்டுக்குள் இல்லாமல், வளைந்து நெளிந்த இரும்புப் படிக்கட்டாகத் தெருவை நோக்கி வெளியே தொங்குகிறது. உள்ளே இடம் மிச்சமாகிறது, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தெருவிலிருந்தே தனி வாசல் கிடைக்கிறது என்பன இந்த அமைப்பின் வசதிகள். பனிக்காலத்தில் அதில் ஏறி இறங்குவது எத்தகைய வசதி என்பதைக் கட்டியவர்கள் அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. வீடுகளை அங்கே மூன்றரை, நாலரை, ஐந்தரை என்று எண்ணிக் குறிப்பிடுவார்கள்: கூடம், சமையலறை, படுக்கையறைகள் ஆகியவை ஒவ்வொன்றும் ஒன்று, குளியலறை அரை. ஆக, நாலரை என்றால் கூடமும் சமையலறையும் இரண்டு படுக்கையறைகளும் ஒரு குளியலறையும் கொண்ட வீடு. இத்தகைய வீடுகளில் பல, கனடாவின் பிற நகரங்களின் வழக்கத்துக்கு மாறாக, ஃபிரிட்ஜும் மின்னடுப்பும் இல்லாமல் வெறும் சுவர்களாகவே வாடகைக்கு விடப்படுகின்றன. எனவே வீடு மாறுகிறவர் தம்முடைய ஃபிரிட்ஜையும் அடுப்பையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் உடன் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 1 காலையில், முதுகோடு சேர்த்துப் பட்டை கட்டிக்கொண்ட ஒருவர் மேல்படியிலும் இன்னொருவர் கீழ்ப்படியிலும் நின்று, ஓர் ஆள் உயர ஃபிரிட்ஜை அந்த வளைந்த படிக்கட்டு வழியே படிப்படியாக இறக்குவது மொன்றியலில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய காட்சி. வளைவில் அது கைப்பிடிக் கம்பியில் சிக்கிக்கொள்ளும். கீழே நிற்பவர் 'கொஞ்சம் இடது பக்கம்' என்பார், மேலே நிற்பவருக்கு அது வலது பக்கமாக இருக்கும். லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் நிற்கும். வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள் அந்த வாரத்தில் மற்ற நாட்களைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்கும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாதவருக்கு அந்த விலைக்கும் ஆள் கிடைக்காது. நீண்ட இழுவண்டிகளைச் சைக்கிளில் கோத்துக் கட்டில், மெத்தை, புத்தகப் பெட்டி என்று அடுக்கி மிதித்துச் செல்லும் நிறுவனங்களும் அந்நகரில் உண்டு. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் துணைக்கு அழைக்கிறவர் மாலையில் பீட்சாவும் பியரும் வாங்கிக் கொடுப்பது எழுதப்படாத விதி.

புதிய வீட்டுக்கு ஒத்துவராத சாமான்கள் நடைபாதையில் குவிகின்றன. போகிப் பண்டிகையன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் பழைய பாயும் முறமும் வெளியே வருவதுபோல இங்கே சோபாவும் அலமாரியும் மேசை விளக்கும் வெளியே வருகின்றன, கொளுத்துவதில்லை, அவ்வளவே. ஒருவர் வைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் தூக்கிக்கொண்டு போகிறார். மாணவர்கள் பலரின் முதல் வீடு இப்படித்தான் நிறைகிறது. துணி மூடிய இருக்கைகளையும் மெத்தைகளையும் மட்டும் எடுக்க வேண்டாம் என்று நகரின் பொதுச் சுகாதாரத் துறையினர் எச்சரிக்கிறார்கள். மூட்டைப்பூச்சியும் அன்றுதான் வீடு மாறுகிறது.

இந்த வழக்கத்தின் வேர் ஜூலையில் இல்லை, மே மாதத்தில் இருக்கிறது. கியூபெக் பிரெஞ்சுக் குடியேற்றமாக, அதாவது 'புதிய பிரான்ஸ்' என்ற பெயரில், 1760கள் வரை இருந்த காலத்தில், பனி உருகுவதற்கு முன் குடியானவர்களை நிலக்கிழார்கள் வெளியேற்றிவிடாமல் காக்க, மே மாதத் தொடக்கத்தைக் குத்தகையின் எல்லையாகக் கொள்ளும் வழக்கம் தோன்றியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. வெப்பநிலை சுழியத்துக்கு இருபது பாகை கீழே இறங்கும் குளிர்காலத்தைக் கொண்ட ஊரில், ஜனவரியில் ஒருவரைத் தெருவில் நிறுத்துவது ஏறக்குறைய உயிரை எடுப்பதற்குச் சமம் என்பதால், இந்த விளக்கம் இயல்பானதே. ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகும் பிரெஞ்சு வழிவந்த உரிமையியல் சட்டம் அப்பகுதியில் தொடர்ந்தது. 1866இல் நடைமுறைக்கு வந்த 'கீழ்க் கனடா உரிமையியல் சட்டத் தொகுப்பு', வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாமல் வாடகை ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டிருந்தால், அது மே 1 அன்று முடியும் ஓராண்டு ஒப்பந்தமாகக் கொள்ளப்படும் என்று வகுத்தது. கவனமாகப் பார்த்தால் இது ஒரு கட்டளை இல்லை. பேசாமல் விட்ட இடத்தை நிரப்பும் ஓர் ஊகம் மட்டுமே. ஆனால் எல்லோரும் பேசாமல் விட்டார்கள், அல்லது பேசினாலும் ஊரோடு ஒத்துப்போகும் தேதியையே பேசினார்கள். அதனால் அடுத்த நூறாண்டுக்கு மேல் மே 1 மொன்றியலின் வீடு மாறும் நாளாக இருந்தது.

அந்த நாள் நகரத்தின் கணக்கேடுகளில்கூடத் தடம் பதித்திருக்கிறது. யார் எந்தத் தெருவில் எந்த எண்ணில் வசிக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்பதைத் தெருவாரியாகவும் பெயர்வாரியாகவும் பட்டியலிடும் முகவரிக் கையேட்டை லவல் என்ற அச்சகத்தார் 1842 முதல் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வெளியிட்டுவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த பதிப்புகள் ஒற்றை ஆண்டைத் தாங்காமல் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துத் தாங்கியிருப்பதற்குக் காரணம், மே மாதப் பெயர்ச்சி முடிந்த பிறகு முகவரிகளைத் திரட்டினால்தான் அவை அடுத்த மே வரை செல்லுபடியாகும் என்பதே. நாட்காட்டிக்கு ஜனவரியில் பிறந்த ஆண்டு, மொன்றியல் முகவரிகளுக்கு மே மாதத்தில்தான் பிறந்தது.

ஏழைக் குடும்பங்களுக்கு அந்நாள் என்னவாக இருந்தது என்பதை கப்ரியேல் ருவா எழுதி 1945இல் வெளிவந்த 'போனர் தொக்கசியோன்' நாவல் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரயில் தண்டவாளங்களுக்கு அருகே அமைந்த சென்-ஆன்றி என்ற தொழிலாளர் பகுதியில் வாழும் லகாஸ் குடும்பம், ஒவ்வோர் இளவேனிலிலும் முன்னதைவிட மோசமான ஒரு வீட்டுக்கு இடம்பெயர்கிறது. தாய் ரோஸ்-அன்னா நிறைமாத வயிற்றோடு தெருத்தெருவாக வீடு தேடுகிறாள்; அவர்கள் காலி செய்வதற்குள் புதிய குடித்தனக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். பிரான்சின் ஃபெமினா பரிசை 1947இல் பெற்ற அந்நாவல், ஒரு சட்டத் தேதி ஒரு தாயின் உடம்பில் எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்வதில், அந்தச் சட்டத்தைப் பற்றிய எந்த ஆய்வையும்விட மேலானது.

மே மாதம் ஜூலையாக மாறியது 1970களில். பள்ளி ஆண்டு ஜூன் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் முடிகிறது என்பதால், மே 1 அன்று வீடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டு முடிய இரு மாதங்கள் இருக்கும்போது பள்ளியை விட்டுப் போக நேர்ந்தது. 1973இல் கியூபெக் அரசு வாடகைச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, இளவேனிலில் முடிய இருந்த ஒப்பந்தங்களை 1974 ஜூன் 30 வரை நீட்டிக்க வழி செய்து, அதன் மூலம் வழக்கத்தையே இரண்டு மாதங்கள் நகர்த்தியது. மே 1 என்ற பழைய ஊகம் போயிற்று; அதன் இடத்தில் ஜூலை 1ஐக் கட்டாயமாக்கும் விதி எதுவும் வைக்கப்படவில்லை. உரிமையாளரும் குடித்தனக்காரரும் விரும்பிய எந்தத் தேதியிலும் ஒப்பந்தத்தைத் தொடங்கிக்கொள்ளலாம் என்ற நிலை அன்று முதல் இன்றுவரை நீடிக்கிறது.

கனடாவின் தேசிய நாளிலேயே கியூபெக்கை மூட்டை தூக்க வைத்தது பிரிவினைவாதிகளின் சூழ்ச்சி என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. கேட்கச் சுவையாக இருந்தாலும் இது காலவரிசைக்கு ஒத்துவரவில்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தது ரொபேர் புராசா தலைமையிலான லிபரல் அரசு. அது கனடாவோடு இணைந்திருப்பதை ஆதரித்த அரசு. கியூபெக் தனிநாடாக வேண்டும் என்ற கட்சி 1973 அக்டோபர் தேர்தலில் 110 இடங்களில் ஆறை மட்டுமே பெற்றிருந்தது, 1976 நவம்பரில்தான் ஆட்சிக்கு வந்தது. ஜூலை 1க்கு 'கனடா நாள்' என்ற பெயரே 1982இல்தான் சட்டப்படி வந்தது. அதற்கு முன் அது 'டொமினியன் நாள்'. பள்ளி முடிந்து அடுத்து வரும் முதல் மாதத் தொடக்கம் அது என்பதும், பொது விடுமுறை என்பதால் ஒருநாள் சம்பளத்தை இழக்காமல் மூட்டை கட்டலாம் என்பதும் காரணங்களாகப் போதும். ஆனால் விளைவு விளைவுதான்: மொன்றியலில் கனடா நாள் ஊர்வலத்தைப் பார்க்க நேரமும் தெம்பும் உள்ளவர்களின் எண்ணிக்கை அன்று குறைவு.

சட்டம் தேதியை விட்டுவிட்ட பிறகும் தேதி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதற்கு ஒரு நுட்பமான காரணம் இருக்கிறது. கியூபெக்கில் வாடகை ஒப்பந்தம் காலம் முடிந்ததும் தானாக முடிந்துவிடுவதில்லை. அது அதே நிபந்தனைகளோடு தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. குடித்தனக்காரருக்கு வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. சொந்தக் குடும்பத்துக்குத் தேவை என்பது போன்ற சில காரணங்களுக்காகவே உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்க முடியும். எனவே ஜூலை 1 அன்று தொடங்கிய ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்றே மறுபடியும் தொடங்குகிறது. அதை விட்டு வெளியேறுகிறவர் அன்று காலியாகும் இன்னொரு வீட்டைத்தான் தேட முடியும், ஏனெனில் மற்ற வீடுகளும் அன்றுதான் காலியாகின்றன. தம் வீட்டை வேறொரு தேதியில் காலியாக விடும் உரிமையாளருக்கு ஆள் கிடைப்பது கடினம், ஏனெனில் ஆட்களும் அன்றுதான் கிடைக்கிறார்கள். தனியொருவர் விலகி நடந்தால் இரண்டு மாத வாடகையை இரட்டிப்பாகக் கட்டவோ சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டு நண்பர் வீட்டில் தங்கவோ நேரிடும். அனைவருக்கும் தொல்லை தரும் ஒரு தேதியை அனைவரும் கடைப்பிடிப்பதற்கு, அதை மீறும் தொல்லை இன்னும் பெரிது என்பதே காரணம். நகரின் குடும்பங்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவை வாடகை வீட்டில் வாழ்பவை என்பதும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து ஊர் வழக்கம் முளைப்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதன்று. சென்னையில் வீட்டு வாடகை ஒப்பந்தம் என்றாலே பதினொரு மாதம் என்று ஆனதற்கு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியே மூலம். பதிவுக் கட்டணத்தைத் தவிர்க்கப் பன்னிரண்டில் ஒன்றைக் கழித்தார்கள். கியூபெக் ஒப்பந்தம் ஒரே தேதியில் திரும்பத் திரும்ப நிற்க, பதினொரு மாத ஒப்பந்தமோ ஆண்டுக்கு ஒரு மாதமாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால், சென்னைக்கு ஒரு பொதுப் பெயர்ச்சி நாள் அமையவில்லை. எனினும் பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் மாறுவது, ஆடியிலும் மார்கழியிலும் மாறாதிருப்பது ஆகியவை அங்கும் பருவத்தை வகுத்துவிடுகின்றன. குடித்தனக்காரரின் பக்கம் சட்டம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான் பெரிய வேறுபாடு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அதை மூன்று மாதத்துக்குக் குறைக்கச் சொல்கிறது. கியூபெக்கிலோ உரிமையாளர் முதல் மாத வாடகைக்கு மேல் எந்த முன்பணமும் கேட்கவே முடியாது.

ஒரே நாளில் ஊர் மாறும் வழக்கம் பிற இடங்களிலும் இருந்து மறைந்திருக்கிறது. நியூயார்க் நகரில் மே 1 அன்று காலை ஒன்பது மணிக்கு ஒப்பந்தங்கள் முடிய, நகரம் முழுவதும் வண்டிகளில் ஏறியது. 1820ஆம் ஆண்டுச் சட்டமொன்று வேறு தேதி குறிப்பிடாத ஒப்பந்தங்களுக்கு மே 1ஐ முடிவாக வகுத்திருந்தது. அங்கே தங்கியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஃபிரான்சிஸ் டிரோலப் 1832இல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் களேபரத்தை வியந்து எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஆட்கள் போர்முனைக்குப் போய்விட, மூட்டை தூக்க ஆளில்லாமலும் வீடு கிடைக்காமலும் அந்த வழக்கம் ஒழிந்தது. ஸ்காட்லாந்திலும் மே மாதப் பின்பாதியில் இத்தகைய நாள் ஒன்று இருந்தது. அவை போய்விட்டன, மொன்றியல் மட்டும் நிற்கிறது. குடித்தனக்காரரை வீட்டிலிருந்து எளிதில் கிளப்ப முடியாதபடி சட்டம் தடுக்கிற ஊரில்தான் எல்லோரும் ஒரே நாளில் கிளம்புகிறார்கள் என்ற முரண் நன்கு கவனிக்க வேண்டிய ஒன்று.

மொன்றியலில் தோன்றிய வேறு இரு நாட்களையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். நவம்பர் 25, புனித கத்தரீனாள் திருநாளன்று, வெல்லப்பாகை இழுத்து இழுத்து மிட்டாயாக்குவது பழைய கியூபெக் வழக்கம். 1658இல் ஒரு மாட்டுத் தொழுவத்தில் நகரின் முதல் பள்ளியைத் திறந்த கன்னியர் மார்கரித் பூர்ஷுவா, பிள்ளைகளை வகுப்புக்கு இழுக்க அதைச் செய்து கொடுத்தார் என்பது கதை. கதை எவ்வளவு உண்மையோ, மிட்டாய் இன்று வீடுகளில் அரிது. ஜூன் 24 வேறு வழியில் போயிற்று. 'லா மினெர்வ்' இதழை நடத்திய லூட்ஜே டூவெர்னே 1834இல் ஒரு வழக்கறிஞரின் தோட்டத்தில் அரசியல் நண்பர்களைக் கூட்டி நடத்திய விருந்து, மெல்ல மெல்ல ஊர்வலமாகி, 1925இல் சட்டப்படி விடுமுறையாகி, 1977இல் கியூபெக்கின் தேசிய விழாவாக அறிவிக்கப்பட்டது. தனியார் விருந்தாகத் தொடங்கிய ஜூன் 24ஐச் சட்டம் எடுத்துக்கொண்டது. சட்டத்தில் தொடங்கிய வீடு மாறும் நாளோ சட்டம் விலகிய பிறகு ஊரின் சொந்தமாயிற்று. இரண்டுக்கும் இடையே ஒரு வாரமே தூரம் என்பதால், ஜூன் 24 விடுமுறையைப் பெட்டி கட்டுவதிலேயே கழிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்நாளுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டு இதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. வாடகைக்கு உள்ள வீடுகளில் எத்தனை விழுக்காடு காலியாக இருக்கிறது என்பதைக் காலி விகிதம் என்கிறார்கள்; அது மூன்று விழுக்காடு அளவில் இருந்தால் தேடுவோருக்கும் தருவோருக்கும் சமநிலை என்பது பொதுக் கணக்கு. 2001இல் மொன்றியலில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, புதிய வீடு கிடைக்கவில்லை என்ற நிலையில் குடும்பங்கள் ஜூலை 1 அன்று உண்மையிலேயே தெருவில் நின்றன. அதற்குப் பின் ஆண்டுதோறும் அந்நாளையொட்டி நகராட்சியின் வீட்டுவசதி அலுவலகம் வீடற்றுப்போன குடும்பங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடமும் சாமான்களுக்குக் கிடங்கும் ஏற்பாடு செய்துவருகிறது. 1978 முதல் இயங்கும் 'ஃப்ராப்ரு' என்ற வீட்டுரிமைக் கூட்டமைப்பு அன்று எத்தனை குடும்பங்கள் வீடின்றி நிற்கின்றன என்பதைப் பொதுவெளியில் சொல்லிக் குரல் எழுப்புகிறது. எல்லோரும் ஒரே நாளில் தேடும்போது, ஓராண்டுக்குள் பரவலாகத் தெரியக்கூடிய பற்றாக்குறை ஒரே நாளில் அம்மணமாகத் தெரிந்துவிடுகிறது. விலங்குகளும் தப்புவதில்லை. வளர்ப்புப் பிராணிகளை அனுமதிக்காத வீடுகள் பல என்பதால், 1869இல் தொடங்கப்பட்ட மொன்றியல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில் நாய்களும் பூனைகளும் மிகுதியாகக் கைவிடப்படுவது இந்தப் பருவத்தில்தான்.

வாடகை ஏறிக்கொண்டே போன அண்மை ஆண்டுகளில் இந்நாள் மெல்ல மெலிந்தும் வருகிறது. குறைந்த வாடகையில் நெடுநாள் இருப்பவர் வீட்டை விட்டால் அதே விலைக்கு வேறொன்று கிடைக்காது என்பதால் நகராமல் இருந்துவிடுகிறார். வெளியேறுகிறவர் தம் ஒப்பந்தத்தை அதே வாடகையோடு இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் வழக்கம், வாடகை திடீரென ஏறாமல் தடுக்கும் ஒரு வாசலாகப் பயன்பட்டுவந்தது. 2024 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், அத்தகைய கைமாற்றத்தை மறுக்க உரிமையாளருக்கு இடம் கொடுத்து அந்த வாசலைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. குடித்தனக்காரர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

தமிழர்களுக்கும் இந்நாளோடு உறவு உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 ஈழத் தமிழர்களில் பலர் மொன்றியலுக்கு வந்தனர். அதற்கு முன்னும் பின்னும் அகதிகளாக வந்தவர்கள் கோட்-தே-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் அடுக்குமாடிகளில் குடியேறினர். பின்னாளில் பலர் டொராண்டோவுக்குப் போனாலும், மொன்றியலிலேயே தங்கியவர்கள் சாமி படத்தையும் குத்துவிளக்கையும் முதலில் கொண்டுபோய் வைத்து, மின்னடுப்பில் பால் காய்ச்சி, ஜூலை 1க்குள் தங்கள் சடங்கையும் பொருத்திக்கொண்டார்கள். ஒரு வகையில் அவர்களுக்கு அதிர்ஷ்டமும் உண்டு: ஆடி பிறப்பது ஜூலை நடுவில் என்பதால், ஜூலை 1 ஆனியிலேயே வந்துவிடுகிறது. கியூபெக் அரசு 1973இல் தேதியை இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளி வைத்திருந்தால், தமிழ்ப் பாட்டிமார்கள் ஒருவரும் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் மறக்கக் கூடாத தேதி ஜூலை 1 மட்டுமன்று. ஓராண்டு ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிவதாக இருந்தால், வாடகையை உயர்த்த விரும்பும் உரிமையாளர் ஜனவரி 1க்கும் மார்ச் 31க்கும் இடையே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் குடித்தனக்காரர் தம் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உயர்வை மறுத்தாலும் பொதுவாக வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம். அப்போது வாடகையை முடிவு செய்யச் சொல்லி வீட்டுவசதித் தீர்ப்பாயத்தை அணுக வேண்டியவர் உரிமையாளரே. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் பதில் எழுதாதவர், கேட்கப்பட்ட வாடகைக்கே ஒப்புக்கொண்டு அடுத்த ஜூன் 30 வரை புதுப்பித்துவிட்டார் என்றே சட்டம் கொள்ளும்.